வாய்க்குப் போவது எது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



சோப்பு, பவுடர், பெருங்காயம் இதைப் பத்தி எல்லாம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். என் சின்ன மகளுக்குக் கோதுமை ஆகாது. "ஆகாதுன்னா குடுக்காதே, அவ்வளவுதானே"ன்னு எங்க ஆயா சொன்னாங்க. சாப்பாட்டோட நின்னிருந்தா அவ்வளவுதான். ஆனா, "சோப்புல கூடவா கோதுமை இருக்கு? பல்பொடியில இருக்குமா? அவ தலைக்கு என்ன போடறே?" என்று குழுக் கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது கேட்கிறீங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை இங்கே மொத்தமா சொல்லிடறேன். இன்னொரு காரணமும் இருக்கு. நாம வாங்குறவங்க மட்டும் இல்லை, செய்து விற்கிறவங்களும்தான். முறுக்கு, சத்துமாவு, குளியல் பொடி, சோப்பு என்று நம்ம கை பட்ட பொருள் வேறு யாரோ வீட்டுக்குப் போகுது. அங்கேயும் என் மகள் மாதிரி ஒரு குழந்தை இருக்கலாம்.

முதல்ல குளூட்டன்னா என்ன? பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாம துப்பட்டா மாதிரி விரியுது இல்லையா? அரிசி மாவை அப்படி வீச முடியுமா? கோதுமையில் இருக்கிற புரதம்தான் அந்த இழுவையைக் கொடுக்குது. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு உருண்டை மைதாவைப் பிசைந்து, தண்ணியில அலசிக்கிட்டே இருங்க. வெள்ளையா மாவெல்லாம் கரைஞ்சு ஓடின பிறகு, சூயிங்கம் மாதிரி ஒண்ணு கையில் நிற்கும். அதுதான் குளூட்டன். கோதுமை, மைதா, ரவை எல்லாத்திலேயும் இருக்கு. பார்லியிலும் அதே வகைப் புரதம் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, வரகு, உளுந்து, பயறு எதிலேயும் கிடையாது. நம்ம மரக்காணம் உப்பிலேயும் கிடையாது, அதையும் ஒருத்தங்க கேட்டாங்க!

சீலியாக் நோய் உள்ளவங்களுக்கு இந்தக் குளூட்டன் வயிற்றுக்குள் போனா, உடம்பு அதை எதிரின்னு நினைச்சு சண்டைக்குப் போகுது. அந்தச் சண்டையில் சொந்தச் சிறுகுடலையே காயப்படுத்திக்குது. குடலின் உள்பக்கம் டர்க்கி டவல் மேல இருக்கிற நூல் மாதிரி சின்னச் சின்ன விரல்கள் இருக்கும். சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சறது அதுதான். அது தேஞ்சு வழுவழுன்னு ஆயிடுச்சுன்னா, என்ன சாப்பிட்டாலும் உடம்பில ஒட்டாது. என் மகளுக்கு வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, இரும்புச் சத்து டானிக் மூணு பாட்டில் குடிச்சும் ரத்தம் ஏறாம இருந்தது இதனாலதான்.

இது எப்படித் தெரிய வந்தது என்பது ஒரு கதை. நெதர்லாந்து நாட்டில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை டாக்டர். இந்த நோய்க் குழந்தைகளுக்குக் கோதுமைதான் எமன் என்று அவருக்கு முன்னாடியே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயம், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்துடுச்சு. ஊரே பட்டினி. ஆனா இவரிடம் இருந்த நோயாளிக் குழந்தைகள் தேறினாங்க. ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துட்டாங்க. 1950-ல் அவர் இதை ஆய்வேடாகவே எழுதினார். மருந்து அன்னைக்கும் இல்லை, இன்னைக்கும் இல்லை. குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து, அதுவும் ஆயுசுக்கும்.

"இது வடநாட்டுக்காரங்க நோய், நமக்கு வராது" என்று சொல்றவங்க உண்டு. அது முழு உண்மை இல்லை. 2016-ல் வந்த ஓர் இந்திய ஆய்வில், வடக்கே நூறு பேரில் ஒருத்தருக்கும் கொஞ்சம் மேலே இருந்தது, தெற்கே வேலூர்ப் பக்கம் பார்த்ததில் ஆயிரம் பேரில் ஒருத்தருக்கு இருந்தது. குறைவுதான். ஆனா ஆயிரத்தில் ஒண்ணு என்றால், நம்ம கடற்கரை ஊர்களை எல்லாம் சேர்த்தா சில பேராவது இருக்கணும். அவங்க யாருன்னு அவங்களுக்கே தெரியாம இருக்கலாம். முன்னே நம்ம பக்கம் கோதுமை அபூர்வம். இப்போ காலையில் டீயோட பன், பள்ளிக்கூடப் பையில் பிஸ்கட், வீட்டில் ஒருத்தருக்குச் சுகர் வந்துட்டா ராத்திரி எல்லாருக்கும் சப்பாத்தி. சந்தேகம் இருந்தா நீங்களே கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்தின பிறகு ரத்தப் பரிசோதனை செய்தா, நோய் இருந்தும் இல்லைன்னு காட்டும். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்க. ரத்தம் எடுப்பாங்க, தேவைப்பட்டா வாய் வழியா குழாய் விட்டுக் குடலில் கடுகளவு சதை எடுத்துப் பார்ப்பாங்க.

சரி, சோப்புக்கு வர்றேன்.

சீலியாக் நோய் குடல் வழியாத்தான் வேலை செய்யுது. தோல் மேல பூசினதால் குடல் கெடாது. அதனால குளிக்கிற சோப்பில், ஷாம்பூவில் கோதுமை இருந்தாலும், கழுவி விட்டுட்டா பயம் இல்லை. நான் முதல்ல பொருளைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி, "இது வாய்க்குப் போகுமா?" என்பதுதான். உதட்டில் போடுற சாயம், உதடு வெடிப்புக்குப் போடுற தைலம், பற்பசை, பல்பொடி, வாய் கொப்பளிக்கிற மருந்து இதெல்லாம் போகும். பற்பசையில் பெரும்பாலும் கோதுமை சேர்க்கிறதில்லை, இருந்தாலும் ஒரு தடவை படிச்சுப் பார்த்து, ஒரே வகையை வாங்கிட்டா நிம்மதி. உதட்டுத் தைலத்தில் கோதுமை முளை எண்ணெய் சேர்ப்பாங்க. சாயம் போட்ட பெரியவங்க குழந்தைக்கு முத்தம் கொடுத்தாலும் கொஞ்சம் போகும்.

அடுத்தது கை. ஸ்பூனில் சாப்பிடுற ஊர்க்காரங்க எழுதின அறிவுரையில் கைக்கிரீம் பத்தி ஒரு வரிதான் இருக்கும். நாம அஞ்சு விரலாலும் பிசைந்து சாப்பிடுறவங்க. அதனால கையில் பூசி, கழுவாம விடற எதுவும் வாய்க்குப் போகும் பொருள்தான். குழந்தை என்றால் இன்னும் மோசம், விரல் சூப்பும். அங்கன்வாடியில் பிள்ளைகள் உருட்டி விளையாட மைதாவில் உப்பும் கலரும் போட்டு மாவு பிசைந்து தர்றோம். கடையில் விற்கிற விளையாட்டு மாவிலும் பெரும்பாலும் கோதுமைதான். சார்ட் ஒட்டக் காய்ச்சுற பசையும் மைதாதான். என் மகள் அதைத் தொடலாம், தப்பில்லை. தொட்டுட்டு அதே கையோட மத்தியானச் சோத்தில் கை வைக்கக் கூடாது. அவ டீச்சர்கிட்ட இதை மட்டும் சொல்லி வச்சிருக்கேன், அவங்களும் பார்த்துக்கிறாங்க.

ஷாம்பூவையும் தலை எண்ணெயையும் பத்திக் கேட்கிறவங்களுக்கு, பாத்திரம் தேய்க்கிற நாரைப் பத்திக் கேட்கத் தோணுறதே இல்லை. பாத்திர சோப்பில் ஒண்ணும் இல்லைங்க, அலசினா போயிடும். சப்பாத்தி பிசைந்த தட்டைத் தேய்ச்ச நாரில் மாவு பிசினாட்டம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதே நாரால் குழந்தை தட்டைத் தேய்ச்சா? எங்க வீட்டில் அவ பாத்திரத்துக்குத் தனி நார், வேற கலர். சப்பாத்திக் கட்டை, மரக் கரண்டி, இட்லித் துணி இதெல்லாம் ஊறி வச்சுக்கிற சாமான், அதையும் பிரிச்சாச்சு. தோசைக்கல்லில் சப்பாத்தி போட்ட பிறகு தோசை ஊத்துறது கிடையாது. ஓட்டலில் தோசை முறுகலா வரணும்னு மாவில் கொஞ்சம் ரவையோ மைதாவோ கலக்கறதுண்டு, அதனால வெளியே தோசையும் கேட்டுத்தான்.

பெருங்காயம். இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நம்ம சாம்பார், ரசம், ஊறுகாய், முறுக்கு, கோயில் புளியோதரை எல்லாத்திலேயும் இருக்கிற அதே பெருங்காயம்தான். அசல் பெருங்காயம் என்பது ஒரு செடியின் வேரிலிருந்து வடியுற பால். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருது. நம்ம நாட்டில் அந்தச் செடியை முதன்முதலா நட்டதே 2020-ல்தான், இமாசலப் பிரதேசத்தில். அந்தப் பாலை அப்படியே போட்டா காரமும் நாற்றமும் தாங்காது. அதனால கோந்தும் மாவும் கலந்து கூட்டுப் பெருங்காயமா ஆக்கி விற்கிறாங்க. சட்டமும் அதை அனுமதிக்குது, இது கலப்படம் இல்லை. அந்த மாவு பல டப்பாக்களில் கோதுமை மாவு, சிலதில் அரிசி மாவு. டப்பாவைத் திருப்பிப் படிச்சா போட்டிருக்கும். அரிசி மாவு போட்டதைப் பார்த்து வாங்கினா, ஒரு கிள்ளு கவலை குறையுது. கிடைக்கலைன்னா பூண்டும் ஓமமும் போட்டு ஓட்டுவேன்.

இப்போ நம்ம வியாபாரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம்ம கடை போட்டா, ஆரோவில் பக்கமிருந்து வர்றவங்க முறுக்குப் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கிட்டு, "குளூட்டன் ஃப்ரீயா?"ன்னு கேட்பாங்க. போன மார்கழியில் ஒரு வெள்ளைக்கார அம்மா கேட்டப்போ, எங்க குழுத் தங்கச்சி ஒருத்தி, "ஆமா மேடம், அரிசி மாவு, உளுந்துதான்"னு சொல்லிட்டா. அவ பொய் சொல்லலை, அவளுக்குத் தெரிஞ்சதைச் சொன்னா. நான் பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பினேன். கோதுமை மாவுன்னு அதில் போட்டிருந்தது. அந்த அம்மா நன்றி சொல்லிட்டு முறுக்கை வச்சுட்டுப் போய், மல்லாட்டை உருண்டை நாலு பாக்கெட் வாங்கிட்டுப் போனாங்க.

அன்னைக்கு ராத்திரி எங்க குழுவில் சண்டையே வந்துடுச்சு. "வந்த யாவாரத்தை நீயே கெடுத்துட்டியே"ன்னு ஒருத்தங்க. "பெருங்காயத்தை மாத்திட்டு ஸ்டிக்கர் ஒட்டிடலாம், ஒரு ஸ்டிக்கர் எட்டணாகூட ஆகாது"ன்னு இன்னொருத்தங்க. அந்த ஸ்டிக்கருக்குச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று எழுதணும்னா ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 20 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய ஒரு அரிசி மணியின் எடை. ஒரு கிலோ முறுக்கில் ஒரு அரிசி மணி அளவு! நாம மாவு அரைக்கிற மில்லில் காலையில் கோதுமை அரைக்கிறாங்க, அதே மிஷினில் நம்ம அரிசி போகுது. கல்லிலும் பையிலும் ஒட்டியிருக்கிற மாவே அதைத் தாண்டிடும். சமோசா பொரிச்ச எண்ணெயிலேயே முறுக்கு போட்டா, அதுவும் சேரும். ஆய்வகத்தில் சோதிக்காம அந்த வார்த்தையை எழுத நமக்கு உரிமை இல்லை.

கடைசியில் எங்க குழு எடுத்த முடிவு இது. பெருங்காயத்தை அரிசி மாவு கலந்ததா மாத்திட்டோம். பாக்கெட்டில், "இதில் கோதுமை, மைதா, ரவை சேர்க்கவில்லை. கோதுமையும் அரைக்கும் மில்லில் அரைத்தது" என்று தமிழில் இரண்டு வரி அச்சடிச்சோம். கேட்கிறவங்களுக்கு அதையே வாயாலும் சொல்றோம். லேசா ஒவ்வாமை இருக்கிறவங்க வாங்குறாங்க, சீலியாக் நோய் உள்ளவங்க வச்சுட்டுப் போறாங்க. இரண்டும் சரிதான். யாவாரம் குறைஞ்சதான்னு கேட்டா, கணக்கு நோட்டைப் பார்த்துச் சொல்றேன், அந்த மாசம் குறையலை. சத்துமாவு செய்யற குழுக்கள் ஒண்ணு கவனிங்க. அதில் கோதுமை சேர்க்கிறது வழக்கம். சேர்க்கலாம், ஆனா சேர்த்தா மேலேயே எழுதியாகணும். சாப்பாட்டுப் பாக்கெட்டில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனி வரியில் சொல்லணும்னு 2020 விதியே இருக்கு, குளூட்டன் உள்ள தானியம் அதில் முதல் வரி. மல்லாட்டையும் அந்தப் பட்டியலில் உண்டு, உருண்டை பிடிக்கிறவங்க மறந்துடாதீங்க.

சோப்பு, குளியல் பொடி செய்யற சகோதரிகளுக்குத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தது. கழுவி விட்டா பயமில்லைன்னு மேலே சொன்னது சீலியாக் நோய்க்கு. கோதுமை ஒவ்வாமை என்று வேறொண்ணு இருக்கு. அதில் தோலே சிவந்து தடிக்கும், மூச்சுத் திணறும். இரண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

ஜப்பானில் நடந்ததைச் சொல்றேன். 'சா நோ ஷிசுகு' என்று ஒரு முகச் சோப்பு, 2004-லிருந்து 2010 வரை வித்தாங்க. நல்ல சோப்புன்னு பேர், நாற்பத்தாறு லட்சம் பேருக்கு மேல் வாங்கியிருக்காங்க. தோல் மிருதுவா இருக்கணும்னு அதில் கோதுமைப் புரதத்தைப் பொடியாக உடைச்சுச் சேர்த்திருந்தாங்க. தினம் அதைப் போட்டு முகம் கழுவினவங்களில் பல பேருக்கு, கண்ணிலும் மூக்கிலும் தோலிலும் பட்டுப் பட்டு, உடம்பு கோதுமையை எதிரியாகக் கத்துக்கிச்சு. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க, சாப்பிட்டதும் கண் இமை வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. 2011-ல் சோப்பைத் திரும்ப வாங்கினாங்க. 2000 பேருக்கும் மேல் பாதிப்பு உறுதியாச்சு. பெரும்பாலும் நம்மளை மாதிரிப் பொம்பளைங்கதான்.

நம்ம சோப்பில் அந்தப் பொடி கிடையாது. தேங்காய் எண்ணெய், காரம், தண்ணி, மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி. ஆனா யூடியூபில் பார்த்துட்டு ஓட்ஸ் போடலாமா, கோதுமைத் தவிடு போடலாமா, பார்லி போடலாமான்னு இப்போ கேட்கிறாங்க. தேய்க்க சொரசொரப்பு வேணும்னா பச்சைப்பயறும் வெட்டிவேரும் நம்மகிட்ட இருக்கே, எதுக்கு அது? அப்படியும் போட்டே ஆகணும்னா, உறையில் பெரிய எழுத்தில் போடுங்க. சோப்புக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உரிமம் வேணும், சேர்மானப் பட்டியலும் உறையில் வேணும். ஆனா சாப்பாட்டுப் பாக்கெட் மாதிரி ஒவ்வாமைக்குத் தனி வரி அதில் கேட்கிறதில்லை. நாமளா எழுதினாத்தான் உண்டு. நலங்கு மாவு அரைக்கிறவங்க, மில்லில் முதல் ஈடு யாருடையதுன்னு பாருங்க. குழந்தைக்குப் பூசற மாவு அது, வாயிலும் மூக்கிலும் பறக்கும்.

கடையில் வாங்குற சோப்பு, கிரீமில் "கோதுமை"ன்னு தமிழில் போட்டிருக்காது. "வீட்"னு ஆங்கிலத்தில் இருந்தா பிள்ளைகள் படிச்சிடுவாங்க. சில சமயம் "டிரிடிகம் வல்கேர்" என்று செடியின் பெயரைப் போடுவாங்க, அது கோதுமை. "ஹார்டியம் வல்கேர்" பார்லி. "அவேனா சட்டைவா" ஓட்ஸ். ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலானவங்களுக்கு ஆகும், ஆனா கோதுமையோட ஒரே இடத்தில் அறுத்து, ஒரே இடத்தில் அரைக்கிறதால கலந்துடும். "மால்ட்" என்றால் பெரும்பாலும் பார்லி. பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீங்க, அது சைவம்னு மட்டும்தான் சொல்லுது. மாத்திரையில் கோதுமை மாவு சேர்க்கிறது அபூர்வம், ஆனாலும் மருந்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. சீலியாக் உள்ள சிலருக்கு முழங்கை, முட்டியில் அரிப்போட கொப்புளம் வரும். அதுக்கு சோப்பை மாத்தி மாத்திப் பிரயோசனம் இல்லை, உள்ளே சாப்பிடுற குளூட்டனால்தான் அது வருது.

மாதா கோயிலுக்குப் போற சகோதரிகள் ஒருத்தங்க என்னிடம் தனியா கேட்டாங்க, எல்லாருக்கும் சொல்லிடறேன். நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்யணும் என்பது திருச்சபை விதி. ஆனா குளூட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பத்துக்கு 2003-ல் ரோமிலிருந்தே அனுமதி கடிதம் வந்திருக்கு, ரசம் மட்டும் வாங்கிக்கவும் வழி இருக்கு. பங்குச் சாமியாரிடம் கூச்சப்படாம கேளுங்க.

மில்காரர் அண்ணனிடம் பேசியாச்சு. செவ்வாய்க்கிழமை காலையில் மிஷினைத் துடைச்சு, முதல் ஈடா நம்ம அரிசி, கேழ்வரகு, பயறு மட்டும் அரைச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கார். முதல் ஒரு கிலோ மாவைத் தனியா எடுத்து வீட்டுச் செலவுக்கு வச்சுக்கணும், பாக்கெட்டில் போடக் கூடாது. ஆறு குழுவாவது சேர்ந்தா அவருக்குக் கட்டுப்படியாகும், நாலு குழு பெயர் கொடுத்திருக்காங்க. அந்த ஆங்கிலப் பெயர்களை எல்லாம் என் மூத்த மகள் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, பக்கத்தில் தமிழும் போட்டிருக்கா. பின்னாடி மேசையில் கடன் நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கு. குழுவுக்கு இரண்டு எடுத்துக்குங்க, ஒண்ணு சமையல் அலமாரிக்கு, ஒண்ணு பொருள் செய்யற இடத்துக்கு. மில்லுக்குப் பெயர் கொடுக்கிறவங்க சாப்பாட்டுக்கு முன்னாடியே என்கிட்ட கொடுத்துடுங்க, சாயந்திரம் அண்ணன்கிட்ட சொல்லணும்.